எண்ணப்படாத தையல்



நம்முடைய ஊரில் வார இறுதி என்பது இரண்டு நாள் அல்ல என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சனிக்கிழமை மாலை சம்பளம் வாங்கி, அவிநாசி சாலையின் நெரிசலைக் கடந்து, காய்கறிப் பையோடு வீடு சேரும்போது மணி ஒன்பதாகிவிடுகிறது. மறுநாள் காலையில் ஆராதனை, மதியம் சமையல், மாலையில் ஒரு வாரத்துத் துணிகளைத் துவைத்து மடித்து வைப்பதற்குள் திங்கட்கிழமை வாசலில் வந்து நிற்கிறது. ஆகையால் கடந்த வாரம் சனிக்கிழமை அரசு விடுமுறையாக அமைந்து, பனியன் கம்பெனிகளும் பாத்திரப் பட்டறைகளும் ஒருசேர மூடியிருந்தது நமக்கு எதிர்பாராத ஈவாக இருந்தது. அந்த இரண்டு நாட்களை நாம் எப்படிக் கழித்தோம் என்பதையும், அதில் உங்கள் போதகனாகிய நான் செய்த ஒரு தவற்றையும் இந்த வாரத் தியானத்தில் எழுத விரும்புகிறேன்.

நம் சபையில் சிறிய பவர் டேபிள் நடத்துகிற ஒரு சகோதரர் இரண்டு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து சபை மண்டபத்தில் இறக்கினார். அவிழ்த்துக் கொட்டியபோது எத்தனை நிறங்கள்! டி‍‍-சட்டையின் கழுத்து வெட்டில் விழுந்த பிறைத் துண்டுகள், கைக்குழி வெட்டில் விழுந்த வளைந்த துண்டுகள், மேசை ஓரத்தில் மிஞ்சிய நீண்ட பட்டைகள். வழக்கமாக இவை எடைக்குப் போகும். நிறம் பிரித்து, பிய்த்துப் பஞ்சாக்கி, மறுபடியும் நூலாக்குகிற மில்களுக்குச் செல்லும். இல்லையேல் இயந்திரம் துடைக்கும் துணியாகவும் மெத்தைக்குள் திணிக்கும் பொருளாகவும் மாறும். அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைப்பதே நம் பெண்கள் ஐக்கியத்தின் திட்டம்.

திட்டம் போடுவது எளிது. ஆனால் பின்னல் துணி நெய்த துணியைப் போல அடங்கி இருப்பதில்லை என்பதை முதல் அரை மணி நேரத்திலேயே கண்டுகொண்டேன். சிங்கிள் ஜெர்சியின் ஓரம் வெட்டிய உடனே சுருண்டுகொள்கிறது. இழுத்த பக்கமெல்லாம் நீள்கிறது. கூரான ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை விழச் செய்கிறது. இருபது ஆண்டுகளாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரி வழி சொன்னார்: முனை மழுங்கிய ஊசி எடுக்க வேண்டும், அடியில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் துண்டுகளைப் பொருத்த வேண்டும், அப்போதுதான் இழுபடாது. நடுவில் பிளீஸ் துணியின் துண்டுகள் பரப்பப்பட்டன. அடிப்பக்கத்திற்கு வீடுகளிலிருந்து வந்த பழைய பருத்திச் சேலைகள். மூன்று அடுக்கையும் சேர்த்து நீளமாக நூலோட்டம் போடத் தொடங்கினோம். என் மாமியார் தென்மாவட்டத்துக் கிராமத்தில் பழைய சேலைகளை அடுக்கி இவ்விதமாகவே தைத்துக் கொடுத்த விரிப்பில்தான் என் பிள்ளைகள் இருவரும் தவழ்ந்தார்கள்.

இந்தியா முழுவதிலும் எளிய வீடுகளின் கலை இது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே உருவிய நூலால் தைக்கிறார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் கிழிந்த உடைகளிலிருந்து போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். மூலைகளில் மடித்து வைக்கும் சிறு துண்டுகளுக்குப் பூ என்று பெயர். அந்தச் சமூகத்தில் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் உண்டு. போர்வை எல்லாருக்கும் பொது.

மண்டபத்தின் பின்புறத்தில் மற்றொரு கூட்டம் கேக் சுடும் முயற்சியில் இருந்தது. நம்மில் அடுமனை அடுப்பு யாருக்கு இருக்கிறது? ஆனால் அனுப்பர்பாளையத்தில் பாத்திரத்திற்கு என்ன குறைவு? பட்டறையில் பித்தளை தட்டுகிற சகோதரர் ஒருவர் கனமான பழைய குண்டா ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நான்கு விரற்கடை உயரம் சலித்த மணலைப் பரப்பி, அதன்மேல் தகரத் தட்டை வைத்து, மூடிமேல் கனல் போட்டோம். கருகச் செய்த சர்க்கரைக்குப் பதிலாக உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சிச் சேர்த்தோம். இதுவும் புதுமை அல்ல. 1883ஆம் ஆண்டு தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற ரொட்டிக்காரரிடம் மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயர் சீமையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கைக் காட்டி, இதைப்போல் செய்து தரும்படி கேட்டாராம். பிரெஞ்சு மதுவைச் சேர்க்கச் சொல்லியும், பாபு தம் ஊரின் முந்திரிப் பழத்தையும் வாழைப்பழத்தையும் கொண்டு ஆன சாற்றைச் சேர்த்துச் செய்தார் என்றும், அது பிரவுனுக்குப் பிடித்துப்போயிற்று என்றும் சொல்வார்கள். கையில் உள்ளதைக் கொண்டு செய்வதே வீட்டுச் சமையலின் முதல் விதி.

நம்முடைய கேக்கின் நடுப்பகுதி அமுங்கிப்போயிற்று. பொறுமையில்லாமல் இடையில் மூடியைத் திறந்து பார்த்தவன் நான்தான். அதற்காக ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில்தான் இனிப்பு அதிகம் என்று அதற்கே போட்டி போட்டார்கள்.

இப்பொழுது என் தவற்றுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை மாலை, முதல் போர்வை பாதி உருவானதைக் கண்டு என் உள்ளம் பூரித்தது. உடனே எழுந்து நின்று அறிவித்தேன்: கிறிஸ்துமசுக்குள் 50 போர்வைகள் தைத்து முடிப்போம், முதியோர் இல்லத்திற்குக் கொடுப்போம், வாரத்திற்கு இத்தனை, ஒவ்வொரு குழுவிற்கும் இத்தனை என்று பங்கிட்டுக்கொள்வோம். கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதவும் செய்தேன். நோக்கம் நல்லது, கொடுப்பது நல்லது என்பதால் இதில் தவறு இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. எல்லாரும் தலையசைத்தார்கள்.

கூட்டம் கலைந்தபின், கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை செய்கிற ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஆறு நாளும் பீஸ் எண்ணித்தான் பொழைக்கிறோம். இங்க வந்தும் எண்ணோணுங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கரும்பலகையில் நான் போட்ட கட்டம் கண்முன் நின்றது. கம்பெனியின் லைன் ஓரத்தில் தொங்குகிற பலகைக்கும் அதற்கும் என்ன வேற்றுமை? மணிக்கு இத்தனை பீஸ், இலக்கு இத்தனை, முடிந்தது இத்தனை. அந்தப் பலகையிலிருந்து தப்பி ஒரு நாள் மூச்சுவிட வந்த பிள்ளைகளுக்கு நான் இன்னொரு பலகையை மாட்டி வைத்திருந்தேன். போதகர் உடுப்பில் ஒரு சூப்பர்வைசர்.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ஜனங்களுக்கு வைக்கோல் கொடுக்க வேண்டாம், அவர்களே போய்ப் பொறுக்கிக்கொள்ளட்டும், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது என்று பார்வோன் கட்டளையிடுகிறான். ஆளோட்டிகள் கணக்குக் கேட்கிறார்கள்; கணக்குக் குறைந்தால் அடி விழுகிறது. எகிப்தின் அடிமைத்தனத்தை வேதம் நமக்கு விவரிக்கும்போது சங்கிலியைக் காட்டிலும் அதிகமாய்ச் செங்கல் கணக்கையே காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். அதன்பின் உபாகமம் 5ஆம் அதிகாரத்திற்கு வாருங்கள். ஓய்வுநாள் கட்டளையை மோசே மறுபடியும் சொல்லும்போது அதற்குக் காரணமாக எகிப்தை நினைப்பூட்டுகிறார்: நீ அங்கே அடிமையாயிருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும். கணக்குக் கேட்கப்பட்ட ஜனத்திற்குக் கணக்குக் கேட்கப்படாத ஒரு நாளைக் கர்த்தர் கொடுத்தார். ஓய்வுநாளைக் குறித்து இறையியல் கல்லூரியில் நான் கற்றதெல்லாம் அந்தச் சகோதரியின் ஒரு கேள்விக்குப் பின்னர்தான் எனக்குத் தெளிவாயிற்று என்று சொல்ல நான் வெட்கப்படவில்லை.

இன்னொரு காரியமும் அன்றிரவு கண்ணில் பட்டது. யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் வேலை தொடங்குகிறது. ஞான இருதயமுள்ள பெண்கள் தங்கள் கைகளால் நூல் நூற்றுக் கொண்டுவருகிறார்கள்; திரைகள் நெய்யப்பட இருக்கின்றன. ஆனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில், நூலுக்கும் ஊசிக்கும் முன்பாக, ஓய்வுநாள் கட்டளை மீண்டும் ஒருமுறை சொல்லப்படுகிறது. தேவனுடைய கூடாரத்துக்குரிய வேலைதானே, இடைவிடாமல் செய்யலாமே என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. பரிசுத்த வேலைக்கும் விடுமுறை உண்டு என்றால், 50 போர்வைகளுக்கு உண்டா இல்லையா?

நம் நாட்டு ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எப்படிக் கிடைத்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அது தானாக வந்த பரிசு அல்ல. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். அவர் மகாத்மா ஜோதிராவ் புலேயின் தோழர். 1890ஆம் ஆண்டு ஆலை முதலாளிகள் வாராந்திர விடுமுறைக்கு இணங்கினார்கள். பின்னர் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, வாரத்தில் ஒரு நாள் விடுமுறையையும் கட்டாயமாக்கியது. நாம் ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்து அமர முடிவதற்குப் பின்னால் துணித் தொழிலாளருடைய போராட்டமும் இருக்கிறது. ஆராதனைக்கு வருகிற ஒவ்வொருவரும் அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் ஊசியைத் தொடவே கூடாதா? அடுப்பை மூட்டவே கூடாதா? என் கருத்து அதுவல்ல. வேலை வேறு, வீட்டில் மகிழ்ச்சிக்காகச் செய்கிற கைவேலை வேறு. ஆனால் இரண்டையும் பிரிக்கிற கோடு எங்கே இருக்கிறது என்பதை நாம் சரியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் உண்டு. அடிமைகளாயிருந்தவர்களின் வழித்தோன்றல்களான கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக, வயலில் உழைத்துத் தேய்ந்த உடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே முதல் நோக்கம். 1966ஆம் ஆண்டு, ஓட்டுரிமைக்காக நின்றதால் வேலையையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் அந்தப் பகுதியில் இருந்த காலத்தில், பிரான்சிஸ் வால்ட்டர் என்ற ஒரு குருவானவர் துணைநிற்க, அப்பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெரிய அங்காடிகளிலிருந்து ஆர்டர்கள் வந்தன. வருமானம் வந்தது, அது அவர்களுக்கு மிகவும் தேவையாயிருந்தது. ஆனால் அங்காடிக்கு ஒரே அளவும் ஒரே வடிவமும் பிழையில்லாத தையலும் வேண்டும். மனம் போன போக்கில் துண்டுகளை இணைக்கிற பழைய முறைக்கு அங்கே இடமில்லை. அந்த முறை அவரவர் வீட்டில்தான் உயிரோடிருந்தது. 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரத்திலும் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களில் வைக்கப்பட்டு உலகத்தை வியக்கச் செய்தவை, பெரும்பாலும் ஆர்டருக்காக அல்லாமல் தங்கள் வீட்டாருக்காக அவர்கள் தைத்து வைத்திருந்த போர்வைகளே.

இதைச் சொல்வதால் கூலித் தையலை நான் இழிவாகப் பேசுகிறேன் என்று எண்ணாதிருங்கள். நம் தமிழ்ச் சபைகளின் வரலாற்றில் ஊசி பெண்களுக்கு விடுதலையின் கருவியாகவும் இருந்திருக்கிறது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றபின் அங்கேயும் அந்தக் கலை வேர்விட்டது. தன் கையால் சம்பாதித்த காசு ஒரு பெண்ணை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. திருப்பூரின் ஆயிரமாயிரம் வீடுகளில் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் ஓவர்லாக் மெஷினிலிருந்துதான் வருகிறது. அந்த உழைப்பைத் தேவன் கனப்படுத்துகிறார், நானும் கனப்படுத்துகிறேன்.

ஆனால் நம் கைகளின் திறமை முழுவதையும் கூலியின் அளவுகோல் ஒன்றே அளந்துகொண்டிருந்தால், அந்தக் கைகள் யாருடையவை என்பதையே நாம் மறந்துபோவோம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கழுத்துப் பட்டிகளை இணைக்கிற ஒருவர் முழு உடை ஒன்றைத் தன் கையால் தொடங்கி முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நம் மண்டபத்தில் அன்று ஒரு சகோதரி, "முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரைக்கும் நானே தைக்கிறது இதுதாங்க முதல் தடவை" என்றார். அவர் பதினெட்டு ஆண்டுகளாகத் தையல்காரர். அவருடைய முகத்தில் அப்போது இருந்த மகிழ்ச்சியைக் காப்பாற்றுவதே இந்தப் போர்வையின் பயன் என்று இப்பொழுது நினைக்கிறேன். போர்வையின் எண்ணிக்கை அந்த மகிழ்ச்சியைக் கூட்டாது.

ஆகவே கோடு எங்கே என்று என்னைக் கேட்டால், ஒரு எளிய சோதனை சொல்லுவேன். பாதியில் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாமா? போனால் யாராவது கணக்குக் கேட்பார்களா? கேட்க மாட்டார்கள் என்றால் அது இளைப்பாறுதலுக்குரிய கைவேலை. கேட்பார்கள் என்றால், அது சபை மண்டபத்தில் நடந்தாலும், ஏழைகளுக்காகவே நடந்தாலும், அது வேலைதான். அதை வேலை நாளில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையை நம் வீட்டுச் சமையலறைக்கும் கொண்டுபோங்கள், சகோதரர்களே. வீட்டில் செய்த பலகாரத்தின் ருசியே தனி என்று நாம் சொல்லுகிறோம். முறுக்கும் அதிரசமும் அச்சு முறுக்கும் கேக்கும் வீட்டிலேயே செய்ய வேண்டும், கடையில் வாங்கக்கூடாது என்று ஆசைப்படுகிறோம். மாவு சலிப்பவர் யார்? எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவர் யார்? பின்பு பாத்திரம் தேய்ப்பவர் யார்? ஆறு நாள் செக்கிங் மேசையில் நின்ற மனைவி ஏழாம் நாள் அடுப்படியில் நிற்க, கணவன் நாற்காலியில் அமர்ந்து எளிய வாழ்வின் இன்பத்தைப் புகழ்வது ஓய்வுநாளுக்கு ஏற்றதல்ல. உபாகமத்தின் கட்டளையில் உன்னைப்போல என்ற சொல் இருக்கிறது. உன் வேலைக்காரியே உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்றால், உன் மனைவி எத்தனை அதிகம்! மன்னாவைக் குறித்த அதிகாரத்திலும், ஓய்வுநாளுக்கு வேண்டியதை முந்தின நாளிலேயே சுட்டும் வேவித்தும் வைத்துக்கொள்ளச் சொல்லப்படுகிறது.

அன்று நம் மண்டபத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பட்டறைச் சகோதரர்கள் நால்வர் கேக் சுட்ட பாத்திரங்கள் அனைத்தையும் வெளியே எடுத்துச் சென்று தாங்களே தேய்த்தார்கள். வாழ்நாளெல்லாம் பாத்திரம் செய்தவர்கள். ஆனால் பாத்திரம் தேய்த்தது அன்றுதான் என்று அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே பெண்கள் தைத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். சிலர் ஒன்றும் செய்யாமல் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள். நான் போட்ட இலக்கைவிட அதுதான் சபையைச் சபையாகக் காட்டியது.

ஞாயிறு ஆராதனையின் முடிவில் நான் கரும்பலகையை எல்லார் முன்பாகவும் துடைத்தேன். அந்தச் சகோதரியின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் என் தவற்றைச் சொன்னேன். 50 என்ற எண் இனி இல்லை. அப்போது ஒரு மூத்தவர் எழுந்து, இலக்கு இல்லாவிட்டால் போர்வை முடியாது, குளிர்காலத்தில் முதியோருக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. குளிரில் நடுங்குகிறவருக்கு நம்முடைய இளைப்பாறுதலைப் பற்றிய விளக்கம் போர்வையாகாது. ஆகையால் முதியோர் இல்லத்திற்கு வேண்டிய போர்வைகளைக் காணிக்கையிலிருந்து வாங்கிக் கொடுப்பது என்று அங்கேயே தீர்மானித்தோம். நாம் தைப்பது முடிகிறபோது முடியட்டும். முடிந்தவற்றை அன்போடு கொடுப்போம்.

அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளை நாம் எல்லாரும் அறிவோம். துணித் தொழில் செய்கிற நம்மைப்போன்றவர்களுக்கு அவள் சொந்தக்காரி. அவள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவைச் சூழ்ந்து நின்று, தங்களோடு இருந்த நாட்களில் அவள் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டினார்கள். எத்தனை அங்கிகள் என்று லூக்கா எழுதவில்லை. மருத்துவராகிய அவருக்கு எண்ணத் தெரியாமலா? ஐயாயிரம் பேர் உண்டதையும் மீதியான துணிக்கைகள் 12 கூடை நிறைந்ததையும் எழுதியவர்தானே! தொற்காளின் தையலை அவர் எண்ணவில்லை. அவள் அவர்களோடு இருந்தாள் என்பதையே எழுதினார்.

துணிக்கை என்ற அந்தச் சொல்லையும் ஒரு நிமிடம் எண்ணிப்பாருங்கள். துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டப்பட்டதால்தான் துணிக்குத் துணி என்று பெயர். வெட்டி விழுந்த அப்பத் துண்டும் வெட்டி விழுந்த துணித் துண்டும் தமிழில் ஒரே வேரிலிருந்து வருகின்றன. மீதியானதை வீணாக்காமல் சேர்க்கச் சொன்ன ஆண்டவர், வாரம் முழுவதும் வெட்டப்பட்டு மிஞ்சி நிற்கிற நம் மணி நேரங்களையும் வீணாய்ப் போக விடமாட்டார்.

முடிவாக, உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

கம்பெனியும் பவர் டேபிளும் பட்டறையும் நடத்துகிற சகோதரர்களே, ஷிப்மென்ட் நெருக்கடி என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை. கப்பல் காத்திராது என்பதும், தாமதமானால் இழப்பு உங்கள் தலையில் விழும் என்பதும் தெரியும். ஆயினும் மாதத்தில் எத்தனை ஞாயிறுகளில் ஆட்களை வரச்சொல்லுகிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ண வேண்டிய ஒரே கணக்கு அதுதான். வராதவரை அடுத்த வாரம் எப்படி நடத்துகிறீர்கள் என்பதையும் ஆண்டவர் முன்னிலையில் யோசியுங்கள்.

கணவன்மாரே, வாலிபரே, அடுத்த பலகாரம் சுடும் நாளில் மாவு பிசைவதற்கும் பாத்திரம் தேய்ப்பதற்கும் முதலில் எழுந்திருங்கள். கேக் அமுங்கினால் என்னைப்போலச் சிரித்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, நீங்கள் மண்டபத்திற்கு வரும்போது ஊசி பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தைக்க விரும்பினால் தையுங்கள். கோணலாகத் தைத்தால் பிரிக்க வேண்டாம். அந்தத் தையலை டேமேஜ் என்று ஒதுக்குவதற்கு இங்கே யாரும் இல்லை. தைக்க விருப்பமில்லாவிட்டால் வந்து சும்மா உட்காருங்கள், தேநீர் உண்டு.

அந்த முதல் போர்வை இன்னும் பாதியில்தான் இருக்கிறது. சபை அலமாரியில் மடித்து வைத்திருக்கிறோம்; ஊசி அதிலேயே குத்தியபடி இருக்கிறது. கழுத்து வெட்டின் பிறைத் துண்டுகள் ஒரு வரிசையில் நேராகவும் மறு வரிசையில் தலைகீழாகவும் போகின்றன. தவறிப்போய் அப்படி ஆயிற்று, ஆனால் அழகாக இருக்கிறது. அடுத்த விடுமுறை எப்போது சனிக்கிழமையில் வருகிறதோ அப்போது எடுத்துத் தொடர்வோம்.

எங்களை உருவாக்கி முடித்தபின் இளைப்பாறின தேவனே, எங்கள் கைகளின் கிரியையைக் கணக்குப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும். எண்ணி எண்ணிச் சோர்ந்த விரல்களுக்கு எண்ணாமல் ஒரு நாளைத் தாரும். பிறர்மேல் பாரம் சுமத்துகிறவர்களாக நாங்கள் மாறாதபடி, முதலாவது போதகனாகிய என்னைக் காத்துக்கொள்ளும். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் போதகர்